வாகைநேரி – பால் வரிசை – உயிர் 3

காலை ஆறு மணிக்குத் தவிர்ப்புப் பட்டியல் வந்தது. ஆறு ஐந்துக்கெல்லாம் வாகைநேரி மேலத்தெருவில் தளவாய் அரிவாளைத் தீட்ட உட்கார்ந்துவிட்டான். ஆறு பத்துக்கு ஓடைத்தெருவிலும் அதே சத்தம் கேட்டது.

பட்டியலில் அன்று பதினேழு தலைப்புகள். ஒன்பதாவது இப்படி இருந்தது: "வாகைநேரி – பால் வரிசை. காயம் 40. உயிர் 3."

இரண்டு தெருவுக்கும் நடுவில் பால் சொசைட்டி இருக்கிறது. காலையில் வரிசையில் நின்று கால் கடுக்க வேண்டாம் என்று, ஊர்க்காரர்கள் முந்தின நாள் சாயங்காலமே காலிக் கேனைக் கொண்டுவந்து சொசைட்டி வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். விடிந்ததும் கேன் இருக்கும் இடத்தில் ஆள் வந்து நின்றுகொள்ள வேண்டியது. முப்பது வருடமாக இதுதான் வழக்கம். யார் கேனையும் யாரும் நகர்த்தியதில்லை. யார் கேன் முன்னால் நிற்கிறது என்று எவரும் எண்ணிப் பார்த்ததும் இல்லை. அன்று காலை எல்லோரும் எண்ணினார்கள். முதல் பத்தில் ஏழு ஓடைத்தெருக் கேன்கள்.

இந்த வம்பை விலைக்கு வாங்கிய ஆளைப் பற்றிச் சொல்வதற்கு முன், கலவரமானியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு காலத்தில் கட்டுரைப் பகிர்வுத் தளங்களில் எவன் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம் என்றிருந்தது. எழுதித் தள்ளினார்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு பேருந்து எரிந்தது. மறுப்புக் கட்டுரைக்கு ஒரு தெருவே எரிந்தது. பிறகு சட்டம் வந்தது. இனி எந்தக் கட்டுரையும் கலவரமானி படித்த பிறகே வெளிவர வேண்டும். மானி ஒரு கட்டுரையைப் படித்ததும், அதை யார் யார் படிப்பார்கள், படித்துவிட்டு எந்த ஊரில் எந்தக் கை எதைத் தூக்கும் என்று கணித்து இரண்டே எண்களைச் சொல்லும். காயம் இத்தனை, உயிர் இத்தனை. இரண்டும் பூஜ்யமானால்தான் கட்டுரை வெளியே போகும். விளைவு, தளங்கள் முழுக்க ஒரே வெந்தய வாசனை. வெந்தயத்தின் பன்னிரண்டு பயன்கள், வெந்தயத்தின் இன்னும் பன்னிரண்டு பயன்கள். முடி உதிர்வைப் பற்றி மட்டும் நாளைக்கு நாலாயிரம் கட்டுரைகள் வந்தன, உதிர்கிற முடி உதிர்ந்துகொண்டுதான் இருந்தது.

எழுதி முடித்த பிறகு தள்ளுவதைவிட எழுதும் முன்பே சொல்லிவிடுவது மரியாதை என்று யாருக்கோ தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் பட்டியல். தினமும் காலை ஆறு மணிக்கு, அன்று தொடக் கூடாத தலைப்புகள் எழுத்தாளர்களுக்கு வரும். கருத்துதான் ஆளைத் தூண்டும் என்பதால், மானி கருத்தை உரித்துப் போட்டுவிட்டு ஊரையும் பொருளையும் மட்டும் சொல்லும். சில நாள் ஓர் ஆளின் பெயர் மட்டும் நிற்கும். பக்கத்தில் அந்த இரண்டு எண்கள்.

பட்டியல் பதிவு செய்த எழுத்தாளர்களுக்கு மட்டும்தான். ஆறே மாதத்தில் பதிவு செய்த எழுத்தாளர்கள் இரண்டு கோடிப் பேர் ஆனார்கள். கையெழுத்துப் போடத் திணறுகிறவர்களும் எழுத்தாளர்களானார்கள். தளவாய்கூட எழுத்தாளன்தான். "எருமைக்கு மடிவீக்கமா?" என்று ஆறு வரியில் ஒரு கட்டுரை எழுதிப் பதிவு வாங்கியிருந்தான்.

சொந்த ஊரின் பெயர் பட்டியலில் வந்துவிட்டால் என்ன ஆகும்? எதிர்த் தெருக்காரனும் அதைப் பார்த்திருப்பான். பார்த்தவன் சும்மா இருப்பானா? அவன் நல்லவன், சும்மாவே இருப்பான் என்று வைத்துக்கொண்டாலும், நான் சும்மா இருப்பேன் என்று அவன் நம்ப வேண்டுமே. ஆகவே முந்திக்கொள்வது நல்லது. காவல்துறையும் பட்டியலைப் பார்த்து வேன் அனுப்பியது. வேன் வந்து நின்றதும் மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது. முதல் வருடம் நூற்றுக்கு எழுபது சரியாகச் சொன்ன மானி நாலாவது வருடம் தொண்ணூற்றெட்டு சொன்னது. இயந்திரம் கற்றுக்கொள்கிறது என்று பாராட்டினார்கள். கற்றுக்கொண்டது இயந்திரம் இல்லை.

அப்படிப் பாராட்டியவர்களில் முதல் ஆள் ஆவுடையப்பன். வாகைநேரிக்காரன், தளவாயின் மைத்துனன். திருநெல்வேலியில் ஒரு தளத்தில் தலைப்பு ஆய்வராக வேலை. தொலைக்காட்சியில் யாராவது மானியைக் குறை சொன்னால் பதில் சொல்ல இவனைத்தான் கூப்பிடுவார்கள். "மனுஷன் பொய் சொல்லுவான், மானி சொல்லாது" என்று முடிப்பான். அந்த வரியை ஊரே மனப்பாடமாக வைத்திருந்தது.

வியாழக்கிழமை மானிக்குப் புதிய பதிப்பு வந்தது. சோதித்துப் பார்க்க ஒரு மாதிரிக் கட்டுரை வேண்டும். புதுப் பேனா வாங்கினால் கடையிலேயே கிறுக்கிப் பார்ப்போமே, அப்போது கை என்ன எழுதும்? சொந்தப் பெயரைத்தான் எழுதும். ஆவுடையப்பன் சொந்த ஊரை எழுதினான். கலவரமே வராத ஒரு விஷயத்தை எடுத்துக் கலவரமாக்கிப் பார்க்கலாம் என்று, பால் வரிசையில் யார் கேன் முந்துவது என்பதில் மேலத்தெருவுக்கும் ஓடைத்தெருவுக்கும் தலைமுறைப் பகை என்று காரசாரமாக நாலு பத்தி அடித்துவிட்டான். மானி "காயம் 40, உயிர் 3" என்றது. பரவாயில்லையே, நமக்கும் எழுத வருகிறது என்று சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

அழித்ததுதான் வினை. எழுதியவனே பயந்துபோய் அழிக்கிறான் என்றால் விஷயம் உண்மையிலேயே பெரியது என்று மானி எடுத்துக்கொள்ளும். அந்த விதியை அதற்குக் கற்றுக்கொடுத்தது ஆவுடையப்பன்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் விரலால் கெட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே பட்டியலைத் திறந்தவனுக்கு வாயில் நுரையோடு மூச்சு நின்றது. மேலாளர் மீனலோசனியைக் கூப்பிட்டான்.

"மேடம், ஒன்பதாவது தலைப்பு என் சோதனைக் கட்டுரை. அப்படி ஒரு பகையே கிடையாது. உடனே எடுத்துருங்க."

"எப்படிங்க எடுக்கிறது? பட்டியல்ல மனுஷக் கை படக் கூடாதுன்னு விதி இருக்கே. பதினோராவது விதி. நீங்கதானே ஆவுடை சார் எழுதிக் குடுத்தீங்க?"

"அங்க என் அக்கா இருக்கா மேடம்."

"இல்லாத பகைக்கு யாரு சார் அடிச்சுக்கப் போறாங்க? மானி தப்புன்னா இன்னிக்கே தெரிஞ்சிரும். பதறாதீங்க."

அக்கா உலகம்மாளைக் கூப்பிட்டான்.

"யக்கா, அத்தான எங்க? வீட்ட விட்டு வெளிய விடாத!"

"அவிய அரிவாளத் தீட்டி முடிச்சிட்டாவ தம்பி. எம் மவன் நம்பியும் கூடக் கெளம்பி நிக்கான். நீ சொன்ன மானிதான சொல்லிருக்கு? நம்ம கையக் கெட்டிக்கிட்டு இருந்தா அவன்வ வீடேறி வந்து வெட்டிருவான்வன்னு தெருவே சொல்லுது."

"யக்கா, அது பொய்க்கா..."

பின்னால் யாரோ கத்தினார்கள். இணைப்பு போய்விட்டது.

முப்பது கிலோமீட்டரை ஆவுடையப்பன் அரை மணி நேரத்தில் கடந்தான். சொசைட்டி முன்னால் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். வரிசை கலைந்து கேன்கள் நசுங்கிக் கிடந்தன. யாரோ கொண்டுவந்து கொட்டிய பால் மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் மேலத்தெரு ஆட்கள் அறுபது பேர், அந்தப் பக்கம் ஓடைத்தெரு அறுபது பேர். அரிவாள், கடப்பாரை, சைக்கிள் செயின். ஓடைத்தெருவுக்கு முன்னால் சொசைட்டிச் செயலாளர் கந்தப்பழம் நின்றான். ஆவுடையப்பனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். நேற்று வரை தளவாயோடு ஒரே கிளாஸ் டீயைப் பாதி பாதி குடித்தவன். கையில் பால் கலக்குகிற இரும்புக் கம்பி.

போலீஸ் வேன் வரவில்லை. அன்று பட்டியலில் இவர்களுக்கு முன்னால் எட்டு ஊர்கள் இருந்தன.

ஆவுடையப்பன் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினான். "நிறுத்துங்க! அது அத்தனையும் பொய்! நான்தான் எழுதுனேன்!"

"என்னல சொல்லுத?" என்றான் கந்தப்பழம்.

"மானியச் சோதிக்கதுக்குச் சும்மா எழுதுனேம்ல. பகையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எழுதி அழிச்சிட்டேன். அது பட்டியல்ல ஏறிட்டு. என்னைச் செருப்பால அடிங்க. நீங்க வீட்டுக்குப் போங்க."

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. தளவாயின் கை தாழ்ந்தது. பின்வரிசையில் ஒருத்தன் பீடியைக்கூடப் பற்ற வைத்தான். அந்த நிமிடம் நீண்டிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான்.

கந்தப்பழம் கேட்டான்: "சும்மா எழுதுனியா? பொய் எழுதணும்னா ஒலகத்துல ஆயிரம் ஊரு கெடக்கு. நம்ம பால் வரிசை ஏம்ல ஒனக்குத் தோணிச்சி? எங்க கேன் முன்னால நிக்கது இத்தன வருசமா ஒன் மனசுல உறுத்திக்கிட்டே இருந்திருக்கு. அதான் சோதனைன்னதும் வெளிய வந்துட்டு."

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆவுடையப்பன் யோசித்தான். சின்ன வயதில் அம்மாவின் கேனுக்கு முன்னால் எப்போதும் கந்தப்பழத்தின் அம்மாவின் கேன் நிற்கும். அதைப் பார்த்து ஒரு நாளாவது எரிச்சல் பட்டோமா என்று மனதுக்குள் தேடினான். ஒரே ஒரு விநாடி. நூற்றிருபது பேரும் அந்த விநாடியைப் பார்த்தார்கள்.

"பாத்தியா, பேச்சு வரல!" என்று ஓடைத்தெருவிலிருந்து ஒரு குரல். மேலத்தெருவிலிருந்து இன்னொரு குரல்: "மானி பொய் சொல்லாதுன்னு டிவில சொன்னதும் நீதான? இப்ப மட்டும் எப்படிப் பொய்யாவும்? அவன்வகிட்ட என்னத்த வாங்குன?"

முதல் கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இன்று வரை தெரியாது. அது ஆவுடையப்பனின் காதை உரசிப் போய்த் தளவாயின் நெற்றியில் பட்டது. தளவாய் ரத்தத்தைத் துடைக்கவில்லை. நேராகப் போய்க் கந்தப்பழத்தின் தோளில் வெட்டினான். கை தொங்கிப்போனது. கந்தப்பழம் விழாமல் நின்றான். மிச்சமிருந்த கையால் கம்பியை வீசித் தளவாயின் மண்டையில் இறக்கினான். பானை உடைகிற மாதிரி ஒரு சத்தம். தளவாய் மடிந்து விழுந்தான். விழுந்தவன் கையிலிருந்த அரிவாள் மேல் கந்தப்பழம் சரிந்தான். ஒன்றாக டீ குடித்தவர்கள் ஒன்றாகவே கிடந்தார்கள்.

அதற்குப் பிறகு தெரு என்பது போய், கை கால் என்று ஆகிவிட்டது. கடப்பாரை ஒருத்தன் முழங்காலைப் பெயர்த்தது. செயின் ஒருத்தன் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பால் கேன் மூடிகளைப் பெண்கள் மாடியிலிருந்து எறிந்தார்கள். தளவாயின் மகன் நம்பிராஜன், இருபத்திரண்டு வயது, அப்பாவை இழுத்துப் போடக் குனிந்தபோது பின்னாலிருந்து ஒரு கத்தி வயிற்றில் ஏறியது. அவன் திரும்பி, குத்தியவனின் முகத்தைப் பார்த்து, "அண்ணே, நீயா?" என்றான். நம்பிக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கிக் கொடுத்தவன் அவன். ஆவுடையப்பன் மருமகனை நோக்கி ஓடினான். மேலத்தெருக்காரன் ஒருத்தன் துரோகி என்று அடித்தான். ஓடைத்தெருக்காரன் ஒருத்தன் மேலத்தெருக்காரன் என்று அடித்தான். வலது கை எலும்பு முறிந்தது.

அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டுவிட்ட ஊழியர் பதிவேட்டில் பெயர் எழுதியபோது நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான் சார் நாப்பதாவது ஆளு. கரெக்டா வந்துட்டு பாத்தீங்களா!" என்றார். அவருக்கு அதில் உண்மையான சந்தோஷம்.

செத்தது இரண்டு பேர். தளவாய், கந்தப்பழம். தெருவுக்கு ஒன்று என்று ஆகிவிட்ட நிலையில், சாதாரணமாக இந்த இடத்தில் பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேசுவார்கள். இப்போது யாரும் பேசவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரண்டு தெரு ஆட்களும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் போலீஸ் நின்றது. எல்லோரும் காத்திருந்தார்கள். பட்டியல் மூன்று என்றிருக்கிறது. இன்னும் ஒன்று வர வேண்டும். அது அந்தத் தெருவிலிருந்து வந்தால் இந்தத் தெரு ஜெயித்தது.

நம்பிராஜன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். மருத்துவர் வெளியே வந்து உலகம்மாளிடம் சொன்னார்: "ரத்தம் ஏத்திருக்கோம். சின்ன வயசு, தாங்கிருவான். பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கும்மா."

"மூணுன்னு போட்டுருக்கே சார்" என்றாள் உலகம்மாள்.

மருத்துவர் உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் தாழ்வாரத்தில் ஆவுடையப்பனைப் பார்த்துக் கூட்டம் எழுந்தது. போலீஸ்காரர்கள் கம்பைப் பிடித்து நிறுத்துவதற்குள் உலகம்மாள் தம்பியை இழுத்துக்கொண்டு போய்க் கட்டுப் போடும் அறைக்குள் தள்ளி, தானும் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "அவியளுக்கு நாளைக்குச் சட்டை தேச்சு வச்சிருந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

மேலாளர் மீனலோசனி கூப்பிட்டார். "வருத்தமா இருக்கு சார். ஆனா தலைமை அலுவலகத்துல அசந்து போயிட்டாங்க. காயம் துல்லியமா நாப்பது! உயிர்ல ஒண்ணு குறையுது. நாளைக்குள்ள வந்துரும்னு எதிர்பார்க்கிறோம்."

"அது என் அக்கா பையன் மேடம்" என்றான்.

அப்போதுதான் ஆவுடையப்பனுக்கு அந்த யோசனை வந்தது. உண்மையை எழுதினால் மானி வெளியே விடாது. விடாவிட்டால் என்ன? தலைப்பு பட்டியலில் ஏறுமே. இரண்டு கோடிப் பேர் நாளைக் காலை ஆறு மணிக்குப் பார்ப்பார்களே. வாகைநேரிப் பகை பொய், அதைச் சொன்ன பட்டியலும் பொய் என்று அதிலேயே வந்துவிட்டால், மூன்று என்ற எண்ணும் பொய்யாகிவிடும். நம்பியைச் சாகக் கொடுக்க யாரும் காத்திருக்க மாட்டார்கள். கெடுத்த பட்டியலை வைத்தே திருத்திவிடலாம்.

இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். பேனா சோதிப்பதுபோல் ஊரை எழுதியதையும், சிரித்ததையும், அழித்ததையும், கந்தப்பழம் கேட்ட கேள்விக்கு ஒரு விநாடி யோசித்ததையும் மறைக்காமல் எழுதினான். இத்தனை வருடத்தில் அவன் எழுதிய ஒரே உண்மையான கட்டுரை அதுதான். மானிக்கு அனுப்பினான். உடனே பதில் வந்தது: "காயம் 0. உயிர் 1. வெளியிட இயலாது."

உயிர் ஒன்று. யாருடையது என்று அவன் யோசிக்காமல் இல்லை. ஆனால் காயம் பூஜ்யம் என்றிருந்தது அவனுக்கு ஆறுதலாகப் பட்டது. கலவரம் இனி இல்லை என்றுதானே பொருள்? கட்டுரையை அழித்தான். அழித்தால்தான் மானி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும் என்பதை இந்த முறை மறக்கவில்லை.

கருத்தை உரித்துப் போட்டுவிடும் என்பதைத்தான் மறந்துவிட்டான்.

விடிந்தது. ஆறு மணிக்குத் தாழ்வாரத்தில் இருந்த அத்தனை செல்பேசிகளும் ஒரே நேரத்தில் சிணுங்கின. உலகம்மாளின் மடியிலும் ஒன்று சிணுங்கியது. அவள் எடுத்துப் பார்த்தாள். படிக்க மெதுவாகத்தான் வரும் அவளுக்கு. உதடுகள் அசைந்தன.

"ஆவுடையப்பன். காயம் 0. உயிர் 1."

வேறு ஒன்றுமில்லை. பொய் என்ற சொல் இல்லை, பால் வரிசை இல்லை, வாகைநேரிகூட இல்லை. வெளியே பேச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது. செருப்புகள் நகர்கிற சத்தம் மட்டும் கதவை நோக்கி வந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. நேற்றுக் காலைக்குப் பிறகு இரண்டு தெருவும் சேர்ந்து நடப்பது இதுதான் முதல் தடவை.

உலகம்மாள் தம்பியைப் பார்த்தாள். "தம்பி, நேத்து ரெண்டு. இது ஒண்ணு. ஆக மொத்தம் மூணு. அப்ப மூணாவது நம்பி இல்லைல்லா?"

"யக்கா, மானி தப்பாச் சொல்லும்க்கா" என்றான் அவன்.

"அது பொய் சொல்லாதுல்லா. நீதான சொன்ன."

அவள் குரலில் கோபமே இல்லை. தொட்டில் காலத்தில் அவனைத் தூக்கி வளர்த்தவள். எழுந்து, அவன் உடைந்த கையில் கட்டு நழுவியிருந்ததைச் சரி செய்தாள். தலையை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள். பிறகு திரும்பித் தாழ்ப்பாளை எடுத்தாள்.